முப்பத்தெட்டு வயசுப் "பசங்க"

போன தீபாவளி முடிந்த வெள்ளிக்கிழமை, ரூவியில் ஒரு நண்பர் வீட்டில் சாப்பாடு. ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள். மஸ்கட்டில் தீபாவளி என்றால் வெடி கிடையாது, வடை உண்டு. வடையோடு பெரியவர்களின் அறிவுரையும் உண்டு. அன்றைக்கு நண்பரின் அப்பா விசிட் விசாவில் வந்திருந்தார். எழுபத்தேழு வயசு, அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர். பாயசம் வரும்போது ஆரம்பித்தார்.

"எண்பதுக்கு அப்புறம் பொறந்தது எதுக்கும் பொறுப்பு கிடையாதுப்பா. மில்லினியலாம், என்ன எழவோ. சம்பாதிக்கிறான், திங்கிறான், ஊர் சுத்துறான். ஒரு வீடு உண்டா? ஒரு மனை உண்டா? எங்களுக்கெல்லாம் முப்பத்தஞ்சு வயசுல எல்லாம் முடிஞ்சுது."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். எதிரில் என் அக்கா பையன் உட்கார்ந்திருந்தான். 1987-ல் பிறந்தவன், முப்பத்தெட்டு வயசு, காதோரம் நரை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வீடும் இல்லை. பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினான். அதற்கப்புறம் இந்த மாதிரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "சைட்ல வேலை மாமா" என்கிறான். வெள்ளிக்கிழமை என்ன சைட்? எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு வேடிக்கை. நான் 1981. புள்ளிவிவரக்காரர்கள் கணக்குப்படி மில்லினியல் என்றால் 1981 முதல் 1996 வரை பிறந்தவர்கள். ஆக நானும் மில்லினியல்தான்! முட்டிவலியும், அரைக்கண்ணாடியும், எட்டாவது படிக்கிற பெண்ணுமாக நானும் அந்தப் 'பசங்க'ளில் ஒருத்தன். ஆனால் அன்றைக்கு அந்தப் பெரியவர் என்னைச் சொல்லவில்லை. எனக்கு வேளச்சேரியில் ஃபிளாட் இருக்கிறது. ஆகவே நான் பொறுப்பானவன் :-)

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? வில்லியம் ஸ்ட்ராஸ், நீல் ஹோ என்று இரண்டு அமெரிக்கர்கள் 1991-ல் ஒரு புத்தகம் போட்டு, அதில் வைத்த பெயர். அவர்கள் நாட்டுப் பள்ளிக்கூடம், அவர்கள் நாட்டுப் போர், அவர்கள் நாட்டில் எந்த வருஷம் எத்தனை பிள்ளை பிறந்தது என்பதை வைத்துப் போட்ட கோடு. அங்கேயே இதைக் கேள்வி கேட்கிறார்கள். 2021-ல் பிலிப் கோஹன் என்ற சமூகவியல் பேராசிரியர் மற்ற அறிஞர்களையும் சேர்த்துக்கொண்டு, "இந்தத் தலைமுறைப் பட்டங்களை விடுங்கள்" என்று பியூ ஆய்வு மையத்துக்குத் திறந்த கடிதம் எழுதினார். இந்த 1981-1996 கோட்டைப் பிரபலப்படுத்தியதே பியூதான். 2023-ல் அவர்களே, இனி இந்தப் பட்டங்களைப் பார்த்துத்தான் பயன்படுத்துவோம் என்று இறங்கி வந்தார்கள். அமெரிக்காக்காரன் விட்டதை நம்மாட்கள் ரூவியில் பாயசத்தோடு பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் குடிபாலா. சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவில், ஆந்திராவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற மண்டலம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பெரிய நோவு வந்தால் வேலூர், பட்டா வேணுமென்றால் சித்தூர். அங்கே தலைமுறைக்குக் கோடு போட வேண்டுமானால் நான் 1981-ல் போட மாட்டேன். சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணையை மூடிய 2002-ல் போடுவேன். அக்கா வீட்டில் அப்போது நாலு மாடு. பால் காசு பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வரும். அது மளிகை, அது ஸ்கூல் ஃபீஸ். பண்ணை மூடும்போது பையனுக்குப் பதினைந்து வயசு. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் பிறகு நின்றுபோனது. கரும்பு போட்டவன் மாமரத்துக்கு மாறினான். தோத்தாபுரி என்ன விலைக்குப் போகிறது என்று மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் லாரி வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 2025 சீசனில் அரசாங்கமே கிலோவுக்கு 4 ரூபாய் கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்தத் தலைமுறைப் பேச்சு பாயசத்தோடு நின்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். 2019 செப்டம்பர் 10-ஆம் தேதி சென்னையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பத்திரிகையாளர்களிடம் பேசினார். நாடு முழுக்க வண்டி விற்பனை படுத்துக் கிடந்த நேரம். காரணங்களைச் சொல்லும்போது, மில்லினியல்கள் கார் வாங்கி மாதத் தவணையில் மாட்டிக்கொள்ள விரும்பாமல், ஓலா, ஊபர், மெட்ரோவில் போக நினைக்கிறார்கள், அதுவும் ஒன்று என்றார். நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், பிஎஸ்-6 மாற்றம், பதிவுக் கட்டணம் என்று வேறு காரணங்களையும் அவர் சொன்னார். ஆனால் ஊர் பிடித்துக்கொண்டது இதைத்தான். ட்விட்டரில் கிண்டலடித்துத் தீர்த்தார்கள். பெரியவர்களோ "அம்மா சரியாத்தானே சொல்லியிருக்காங்க" என்றார்கள்.

கடன் கொடுக்கிற மேஜையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. கணக்கைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆகஸ்டைவிட 31 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. சரி, ஓலாதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அதே மாதம் இரு சக்கர வண்டி 22 சதவீதம் விழுந்தது. பெரிய லாரிகளின் விற்பனை பாதிக்கு மேல் விழுந்தது. லாரிக்குப் பதில் எந்த மில்லினியல் ஓலாவில் சிமெண்ட் மூட்டை ஏற்றினான்? அசோக் லேலண்ட் எண்ணூரிலும் ஓசூரிலும் வேலையில்லா நாள் அறிவித்ததே, அது யார் மெட்ரோவில் போனதால்?

நடந்தது வேறு. 2018 செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் கடனைத் திருப்ப முடியாமல் விழுந்தது. 90,000 கோடிக்கு மேல் கடன் வைத்திருந்த நிறுவனம். அது விழுந்ததும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்க எல்லோரும் பயந்தார்கள். நம் ஊரில் பைக்குக்கும், டிராக்டருக்கும், பழைய லாரிக்கும் கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த நிதி நிறுவனங்கள்தான். குழாயை மேலே மூடிவிட்டு, குடத்தைப் பார்த்து ஏன் நிரம்பவில்லை என்று கேட்டால் எப்படி? அதே செப்டம்பரில், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, புது காருக்கு மூன்று வருஷம், புது பைக்குக்கு ஐந்து வருஷம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று வந்தது. 2018 ஜூலையில் லாரிகள் ஏற்றக்கூடிய எடை வரம்பை உயர்த்தினார்கள். பழைய லாரியிலேயே கூட ஏற்றலாம் என்றால் புது லாரி எதற்கு? இத்தனையும் ஒரே வருஷத்துக்குள். ஐஎல் அண்ட் எஃப்எஸ்ஸை நடத்தியவர்கள் யாரும் ஓலாவில் போகிற வயசுக்காரர்கள் இல்லை.

இன்னொன்று. 2023-24-ல் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்கள் சுமார் 42 லட்சம். அதுவரை இல்லாத உச்சம். வாங்கியது யார்? ஐந்து வருஷத்துக்கு முன்னால் "தவணைக்குப் பயந்த" அதே பிள்ளைகளும்தானே? குணம் ஐந்தே வருஷத்தில் மாறிவிட்டதா?

இதுதான் என் வழக்கு. பணத்தின் குற்றத்தைத் தூக்கிப் பிள்ளைகளின் குணத்தின் மேல் போடுகிறோம். குணத்தைத் திட்டுவதற்குச் செலவு கிடையாது. வட்டியைப் பேசினால் யாராவது பதில் சொல்ல வேண்டி வரும்.

வட்டி என்றதும் பெரியவர் விஷயத்துக்கே வருகிறேன். 1986-லிருந்து 2000 ஜனவரி வரைக்கும் பிபிஎஃப் வட்டி 12 சதவீதம். வங்கியில் இருப்பவர்களுக்கு 72 என்ற ஒரு வாய்ப்பாடு தெரியும்: 72-ஐ வட்டியால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகிற வருஷம். அவருக்கு ஆறு வருஷம். 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1. என் அக்கா பையனுக்குப் பத்து வருஷம். இரண்டு பேரும் ஒரே மாதிரி வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தாலும், முப்பது வருஷ முடிவில் அவருடைய ஒரு ரூபாய் முப்பது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, இவனுடைய ஒரு ரூபாய் எட்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இதில் பொறுப்பு எங்கே வந்தது?

"அந்தக் காலத்துல விலைவாசியும் ஏறிச்சே சார்" என்று ஒரு காமர்ஸ்காரர் கையைத் தூக்குவார். ஏறியது, ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக் கடன் வட்டியும் 15, 16 என்று இருந்தது. ஆனால் 1999-ல் விலைவாசி ஏற்றம் 5 சதவீதத்துக்கும் கீழே வந்தபோதும் பிபிஎஃப் 12-லேயே இருந்தது. 2010-ல் விலைவாசி ஏற்றம் 12 சதவீதத்தை ஒட்டிப் போனது, பிபிஎஃப் 8. அதாவது இவன் முதன் முதலாகச் சம்பளம் வாங்கிச் சேமிக்க ஆரம்பித்த வருஷத்தில், சேமித்த பணம் பெட்டியிலேயே கரைந்தது. தங்கமாக வாங்கியிருக்கலாமே என்பீர்கள். 2000-ல் பத்து கிராம் நாலாயிரத்துச் சொச்சம், 2010-ல் பதினெட்டாயிரம் போல, 2025-ல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. எதை விற்று வாங்குவது?

அவன் கதையைச் சொல்லிவிடுகிறேன். (சொல்லலாமா என்று கேட்டேன். "பேர் போடாம போடுங்க மாமா" என்றான்.)

2004-ல் இன்ஜினியரிங் சேர்ந்தான். பால் பண்ணை மூடி இரண்டு வருஷம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001-ல் வந்தது, நாலு லட்சம் வரை அடமானம் வேண்டாம். அதை நம்பித்தான் சேர்ந்தான். நாலு வருஷத்துக்கு இரண்டரை லட்சம். நான் சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.காம் படித்ததற்கு மூன்று வருஷத்துக்கும் சேர்த்து ஆன செலவு அவனுக்கு ஒரு மாதம் ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு வராது. எங்கள் இருவருக்கும் ஆறே வருஷம்தான் வித்தியாசம், இரண்டு பேரும் மில்லினியல்! படித்து முடித்தது 2008. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. கேம்பஸில் கொடுத்த ஆஃபர் லெட்டர் தள்ளிப் போய், தள்ளிப் போய், காணாமலே போனது. 2009-ல் ஒரு சின்ன கம்பெனியில் எட்டாயிரம் சம்பளம். அதற்குள் கடன் வட்டியோடு மூன்றரை லட்சத்தைத் தொட்டிருந்தது. மாதத் தவணை ஆறாயிரத்து இருநூற்றுச் சொச்சம், ஏழு வருஷத்துக்கு. மீதியில் சைதாப்பேட்டையில் நாலு பேரோடு ஒரு அறை. படிக்கிற காலத்து வட்டியை ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே கட்டுகிற மானியத் திட்டம் 2009-ல் வந்தது. இவன் படிப்பு அதற்கு முந்தின வருஷமே முடிந்துவிட்டது.

இரண்டரை லட்சம் வாங்கி ஐந்தேகால் லட்சம் கட்டினான். ஒரு தவணை தவறவில்லை. சிபில் பார்த்திருக்கிறேன், என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

2016-ல் அது முடிந்தது. "அப்ப கல்யாணம் பண்ணியிருக்கலாமே?" அப்போது அக்கா வீட்டுக்காரர் மூன்றாவது போர்வெல் போட்டிருந்தார். எங்கள் பக்கம் ஆயிரம் அடி போனால்தான் ஏதோ ஈரம் தெரியும், சில சமயம் வெறும் புகைதான். முதல் இரண்டும் புகை. அந்தக் கடனை எடுத்துக்கொண்டுதான் மஸ்கட் வந்தான். இதில் பெரியவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. எங்கள் தாத்தா காலத்தில் ஏற்றக் கிணற்றில் கைக்கெட்டிய தண்ணீர் அது. மோட்டார் வைத்து, கரும்புக்குப் பாய்ச்சி, போட்டி போட்டு ஆழமாகத் தோண்டியது எந்தத் தலைமுறை? இவன் அப்போது தொட்டிலில் கிடந்தான். தண்ணீரை எடுத்தது ஒருத்தர், தவணை கட்டுவது வேறொருத்தர், பொறுப்பில்லாதவன் என்ற பட்டம் தவணை கட்டுபவனுக்கு!

பென்ஷன் பற்றி நீட்டவில்லை. மத்திய அரசு வேலையில் 2004 ஜனவரி 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனை எடுத்தார்கள். ஆந்திராவில் அதே வருஷம் செப்டம்பர், தமிழ்நாட்டில் ஒரு வருஷம் முன்னால் 2003 ஏப்ரல். பொதுத்துறை வங்கிகளில் 2010 ஏப்ரல் 1. நான் 2005-ல் சேர்ந்தவன், பழைய திட்டம். (ராஜினாமா செய்து அதையும் தொலைத்தவன், அது தனிக் கதை.) என் பக்கத்து மேஜைப் பையன் அந்த ஏப்ரலுக்குப் பிறகு வந்தான். அதே வேலை, அதே லெட்ஜர், அவனுக்குப் பங்குச் சந்தையைப் பார்க்கிற பென்ஷன். பெரியவருக்குப் பஞ்சப்படியோடு வருகிற பென்ஷனை யாரும் குறை சொல்லவில்லை. ஸ்கூட்டருக்கும், போனுக்கும், கேஸுக்கும் வருஷக்கணக்கில் காத்திருந்த ஆட்கள் அவர்கள். உழைத்தார்கள். ஆனால் மாதக் கடைசியில் பயமில்லாமல் தூங்கினார்கள். அந்தத் தூக்கத்தையும் கணக்கில் சேர்த்துத்தானே ஒப்பிட வேண்டும்?

2017-ல் ஆஸ்திரேலியாவில் டிம் கர்னர் என்ற கோடீஸ்வரக் கட்டடக்காரர், பிள்ளைகள் அவகாடோ டோஸ்ட்டும் காபியும் சாப்பிடுவதால்தான் வீடு வாங்க முடியவில்லை என்கிற மாதிரி பேசி உலகம் பூராவும் வாங்கிக் கட்டிக்கொண்டார். நம் ஊர் அவகாடோ, ஆன்லைன் பிரியாணி. சரி, போட்டுப் பார்ப்போம். வாரம் ஒரு முந்நூறு ரூபாய் பிரியாணி, வருஷத்துக்கு 15,600. குடிபாலா ரோட்டில் ஒரு மனை பதினைந்து லட்சம் என்று வைத்துக்கொண்டால், தொண்ணூற்றாறு வருஷம் பிரியாணி சாப்பிடாமல் இருக்க வேண்டும். பத்திரச் செலவு தனி.

உழைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி என்று ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று வேறு கேட்டார். (என் வீட்டில் இதைச் சொன்னேன். "அவர் வீட்டம்மாவும் அதையேதான் கேட்டிருப்பாங்க" என்று பதில் வந்தது.) சைட் வேலைக்கு விடியற்காலை நாலரைக்கு வண்டி ஏறுகிற என் அக்கா பையனிடம் மணிக்கணக்கு பேச எனக்கு வாய் வரவில்லை.

எதிர்ப்பக்கமும் யோக்கியம் இல்லை. வயசானவர் வாயைத் திறந்தாலே "பூமர் அங்கிள்" என்று மூடுவது ஒரு ஃபேஷன். அந்தப் பெயரில் 2024-ல் யோகி பாபு நடித்த படமே வந்தாயிற்று. பூமர் என்பதும் இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்காவில் பிள்ளைகள் கூடப் பிறந்த கணக்கு. பஞ்சத்திலும் ரேஷன் கியூவிலும் வளர்ந்த நம் அப்பாவுக்கு அது எப்படிப் பொருந்தும்? நானே போன மாதம், ஆபீஸில் புதிதாக வந்த இருபத்து மூன்று வயசுப் பெண் ஐந்து மணிக்குப் பையை எடுத்ததைப் பார்த்து, "இந்த ஜென்-இசட் பசங்க..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவள் வேலையை முடித்திருந்தாள். முடிக்காமல் உட்கார்ந்திருந்தது நான்தான்.

நம் வீடுகளில் இது வெறும் வாய்ப்பேச்சாகப் போய்விட்டால் பரவாயில்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த வெள்ளிக்கிழமைச் சாப்பாடுதான் சொந்தம், பந்தம், ஊர் எல்லாம். அதிலிருந்து ஒருத்தன் ஒதுங்கினால் அவனுக்குப் போக வேறு இடம் கிடையாது, லேபர் கேம்ப் ஓரத்து அறையும் போனும்தான். "எப்பப் பாரு போனையே நோண்டுறான்" என்று அதற்கும் திட்டுவோம்.

வர்ற வெள்ளிக்கிழமை மறுபடி அதே வீட்டில் சாப்பாடு. பெரியவர் ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் எல்லோரையும் பார்க்க வேண்டும் என்கிறார். பதினொரு மணிக்கு வண்டியோடு கீழே நிற்பேன் என்று அக்கா பையனுக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன். இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. அவன் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன். பாயசம் வரும்போது பிபிஎஃப் வட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.